பஞ்சக்காவின் மூன்று கோடுகள்

மின்னல் கோட்டை என்ற வீடியோ கேம் கூடம் திறந்த முதல் நாளே பதினேழு பேருக்குக் காயம். பெரிய காயம் ஒன்றுமில்லை. கட்டைவிரலில் கொப்புளம் ஆறு பேருக்கு. பக்கத்தில் ஆடியவரின் முழங்கை பட்டு மூக்கில் ரத்தம் இரண்டு பேருக்கு. சுழலும் நாற்காலியிலிருந்து இறங்கியதும் வாந்தி ஐந்து பேருக்கு. மீதி நாலும் முதுகு. முதுகுக்காரர்கள் அத்தனை பேரும் நாற்பதைத் தாண்டிய தகப்பன்மார்கள், பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று நடன இயந்திரத்தில் ஏறிக் குதித்தவர்கள்.

முதலுதவி அறையில் அவர்களை வரிசையாக உட்காரவைத்து, மூக்குக்கு ஐஸ், முதுகுக்குச் சூடு என்று கவனித்தவள் பஞ்சக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கையில் எந்நேரமும் பஞ்சுருண்டை இருந்ததால் இரண்டாவது வாரத்தில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"அடுத்த தடவ மேல ஏறுறதுக்கு முன்னாடி குனிஞ்சு கால் விரலத் தொட்டுப் பாருங்க. தொட முடியலன்னா பெஞ்சுல உக்காந்து பிள்ளைங்களுக்குக் கை தட்டுங்க" என்று அந்த நாலு தகப்பன்மாருக்கும் ஒரே மருந்தாகச் சொல்லி அனுப்பினாள்.

அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. அதற்கு முன் இருபது வருடம் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, அதில் கடைசிப் பதினோரு வருடம் ஒரு முதியோர் இல்லத்தில். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஆம்புலன்ஸில் கூடவே போய் டிரிப் பாட்டிலைத் தூக்கிப் பிடிப்பது. அந்த இல்லத்தை மூடிவிட்டார்கள். அவள் வேலை தேடிய நேரமும் கோட்டைக்கு ஆள் தேடிய நேரமும் ஒன்றாக அமைந்தது.

கோட்டையின் முதலாளி டைல்ஸ் வியாபாரி. வீடியோ கேமை அவர் கையால் தொட்டதே இல்லை. வீட்டில் ஒரே ஒரு கேம் பெட்டிக்காகப் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் முடியைப் பிடித்துக்கொண்டு உருண்டதைப் பார்த்தார். ஒரு பெட்டிக்கே இந்த அடிதடி என்றால் இருநூறு பெட்டி வைத்தால் ஊரே வரும் என்று கணக்குப் போட்டார். மூன்று மாடிக் கிடங்கைக் காலி செய்தார். ஜன்னல்களை அடைத்தார். விற்காமல் தங்கிப்போன டைல்ஸையெல்லாம் தரையில் பதித்தார். அதனால் கோட்டைக்குள் விண்வெளிக் கப்பல்கள் நீலக் குளியலறை டைல்ஸ் மீதும், போர் டாங்குகள் ரோஜாப்பூப் போட்ட சமையலறை டைல்ஸ் மீதும் நின்றன.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது அவர் பஞ்சக்காவைக் கேட்டார்: "கேமெல்லாம் ஆடியிருக்கியாம்மா?"

"இல்ல சார். விழுந்தவங்களத் தூக்கியிருக்கேன்."

"இங்கயும் அதே வேலதான். வயசு மட்டும் கம்மி" என்று அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார்.

கோட்டையில் மொத்தம் இருநூற்றுப் பத்து இயந்திரங்கள். எல்லாவற்றையும் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒரு பெண். முப்பது வயது, கொண்டையில் பூ வைக்கும் இடத்தில் ஒரு திருப்புளி செருகியிருப்பாள். அவள் பெயரே திருப்புளி ஆகிவிட்டது. கதவு திறக்க நாற்பது நிமிடம் இருக்கும்போது, டிக்கெட் கொடுப்பவர் முதல் துடைப்பம் பிடிப்பவர் வரை எல்லோரும் ஆளுக்குப் பத்துப் பதினோரு இயந்திரத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவள் வகுத்த முறை.

"ஒரு நிமிஷம் ஆடுங்க. ஸ்டீயரிங் திரும்புதா, பிரேக் பிடிக்குதா, அவ்வளவுதான். அப்புறம் செவுத்துல மோதிட்டு எழுந்து வாங்க. யாரும் ஜெயிக்கக் கூடாது, பேரு போடக் கூடாது. பலகை ஆட வர்றவங்களுக்கு."

பலகை என்றால், அதிக மதிப்பெண் எடுத்தவர்களின் பட்டியல். ஆட்டம் முடிந்ததும் திரையில் வரும். மூன்று எழுத்தில் பெயர் போட இருபது நொடி அவகாசம் உண்டு. போடாவிட்டால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இயந்திரமே மூன்று கோடு போட்டுவிடும்.

முதல் வருடம் பஞ்சக்காவின் பங்குக்குத் துப்பாக்கி இயந்திரங்கள்தான் வந்தன. ஒரு நிமிடம் சுட்டுவிட்டுச் செத்துவிட்டு எழுந்து வருவாள். ஒரு சங்கடமும் இல்லை. இரண்டாம் வருடம் முறை மாறி, ஆம்புலன்ஸ் இயந்திரம் அவளுக்கு வந்தது.

அந்த இயந்திரத்தைச் சீந்த ஆளில்லை. ஐந்து நோயாளிகளை ஒவ்வொருவராக ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். திரையின் மேலே நோயாளியின் உயிராக ஒரு பச்சைக் கோடு ஓடும். வண்டி குலுங்கினால் அது குறையும், தாமதமானாலும் குறையும். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து பறப்பார்கள். வண்டி போய்ச் சேரும், ஆள் போய்ச் சேர்ந்திருப்பார்.

பஞ்சக்கா உட்கார்ந்தாள். ஸ்டீயரிங் திரும்பியது. பிரேக் பிடித்தது. மோத வேண்டிய சுவர் எதிரே வந்தது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஒரு கிழவர் போர்வை போர்த்திப் படுத்திருந்தார். வெறும் படம்தான். ஆனாலும் கண்ணை மெல்ல மூடித் திறந்தார்.

அவளுக்குக் கை வரவில்லை. இருபது வருடத்தில் ஒருவரைக்கூடக் கீழே போட்டதில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சுவரைத் தாண்டினாள். சரி, இவரை மட்டும் சேர்த்துவிட்டு எழுந்துவிடலாம் என்று நினைத்தாள். சேர்த்ததும் அடுத்து ஒரு கர்ப்பிணியை ஏற்றினார்கள். கர்ப்பிணியை நடுத்தெருவில் விட்டுவிட்டு எப்படி எழுந்திருப்பது? அப்படியே ஐந்து பேரும் ஆயிற்று. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் குலுங்காமல் போகும் வண்டி எப்படிப் போகும் என்று உடம்புக்குத் தெரியும்.

பெயர் போடு என்று திரை கேட்டபோது வாசலில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பஞ்சக்கா எழுந்து முதலுதவி அறைக்கு ஓடினாள்.

மத்தியானத்துக்குள் கோட்டை முழுக்க ஒரே பேச்சு. அதுவரை முதலிடம் 3,100. இப்போது 4,812, பெயர் இருக்கும் இடத்தில் மூன்று கோடு. யார் அந்த மூணு கோடு?

பஞ்சக்கா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திருப்புளியிடம் ஒப்புக்கொண்டாள்.

"மோதிட்டு வாங்கக்கான்னுதானே சொன்னேன்?"

"பின்னாடி ஆள் படுத்திருக்காரேடி."

"அது பொம்மைக்கா."

"பொம்மைன்னு அவருக்குத் தெரியுமா?"

இரவில்கூட இயந்திரங்களுக்கு மின்சாரத்தை நிறுத்துவதில்லை. பிளக்கைப் பிடுங்கினால் பலகை அழிந்துவிடும், கதை முடிந்தது என்று திருப்புளி இயந்திரத்தின் பின்னால் குனிந்தாள். அந்த நேரம் பார்த்து முதலாளி ஒரு பெயிண்டரோடு வந்து சேர்ந்தார். பெயிண்டரின் தோளில் ஒரு பெரிய தட்டி. 'மூணு கோட்டை முந்துங்கள். முந்துபவருக்கு ஒரு வருடம் இலவச அனுமதி. ஊழியர்கள் கலந்துகொள்ளக் கூடாது.' கடைசி வரி பொடி எழுத்தில் இருந்தது. பஞ்சக்காவின் கண்ணுக்கு அதுதான் முதலில் தெரிந்தது.

முதலாளி போனதும் திருப்புளி கொண்டையைச் சொறிந்தாள். "இனிமே பிடுங்கினா என் வேல போகும். நீங்க வெளிய சொன்னா உங்க வேல போகும். சொந்த ஆளையே வெச்சு ஏமாத்திட்டாங்கன்னு கோட்டை பேரும் போகும்."

"வாயை மூடிட்டு இருந்தா?"

"எல்லாம் இருக்கும்."

மூடிக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் அந்தச் சோற்றைச் சாப்பிடத் திரண்டு வந்த கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆம்புலன்ஸ் இயந்திரத்துக்கு வாசல் வரை வரிசை நின்றது. வரிசையில் நின்று சலித்தவர்கள் பக்கத்து இயந்திரங்களை ஆடினார்கள். பள்ளிகளிலிருந்து பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் வந்தார்கள். மூன்றாவது மாடியில் பிறந்தநாள் அறை ஒன்று, பிறகு நாலு என்று ஆயிற்று. ஊழியர்கள் இருபதிலிருந்து அறுபது ஆனார்கள். பஞ்சக்காவுக்கு இரண்டாவது கட்டிலும், ஐஸுக்குத் தனி ஃபிரிட்ஜும் கிடைத்தன. அவளிடம் கட்டுப் போட வந்தவர்களே மூணு கோட்டின் கதையை அவளுக்குச் சொன்னார்கள்.

"அவர் விமானம் ஓட்டினவராம் ஆன்ட்டி."

"அப்படியா, கையை ஆட்டாத."

"இல்ல ஆன்ட்டி, ஜெயில்ல இருந்து வந்தவராம். அதான் பேரு போடல."

"இருக்கும், இருக்கும். இந்த விரல மடக்கு."

ஒரு தோல் ஜாக்கெட் ஆசாமி தானே மூணு கோடு என்று வந்து நின்றான். முதலாளி மாலை மரியாதையோடு உட்காரவைத்தார். இரண்டாவது நோயாளியோடு ஆற்றில் இறங்கிவிட்டான். ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு அவன் பக்கவாசல் வழியாகப் போனதை முதலுதவி அறைக் கதவிலிருந்து பஞ்சக்கா பார்த்தாள். அன்று முழுவதும் அவள் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. ஏன் சிரிக்கிறாள் என்று திருப்புளியைத் தவிர யாருக்கும் தெரியாது.

நாலு வருடம் இப்படிப் போனது. அப்போதுதான் பஞ்சக்காவின் வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். அவரை எல்லோரும் டிரைவர் என்றே கூப்பிட்டார்கள், பஞ்சக்காவும் வெளியே 'எங்க டிரைவர்' என்றுதான் சொல்வாள். ஓய்வு பெற்ற ஒரு வாரத்தில் வீட்டு அலமாரியை மூன்று முறை இடம் மாற்றினார். நாலாவது முறை கை வைத்தபோது பஞ்சக்கா கோட்டைக்கு ஒரு டிக்கெட்டை நீட்டினாள்.

"மெஷின்ல வண்டி ஓட்டறது, படத்துல இருக்கற சாப்பாட்டச் சாப்பிடற மாதிரி" என்றார்.

"அப்ப பசியோட வாங்க. எனக்கு அலமாரி அங்கேயே இருந்தாப் போதும்."

போனார். ஆம்புலன்ஸைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏறினார். அன்று மாலை வீட்டில் சோற்றைத் தொடவில்லை. தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"முப்பத்தொரு வருஷத்துல ஒரு பயணிக்குக் கீறல் பட்டதில்ல. இன்னிக்கு மூணு பேர்."

"பொம்மைங்க, விடுங்க."

"பொம்மைன்னு எனக்குத் தெரியும். அவங்க வீட்ல தெரியுமா?"

பஞ்சக்கா தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

மறுநாளிலிருந்து டிரைவர் தினமும் வந்தார். ஊழியர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்றுதான் தட்டியில் இருந்தது, ஊழியரின் குடும்பத்தைப் பற்றி எழுத முதலாளி மறந்துவிட்டார். இரண்டு மாதத்தில் 4,000 தாண்டினார். ஆறு மாதத்தில் 4,700. அதற்கு மேல் நத்தை வேகம். சாப்பிடும்போதெல்லாம் மூணு கோட்டின் புகழ்தான்.

"அந்த ஆள் லேசுப்பட்டவன் இல்ல. என்னை மாதிரி ஹெவி வண்டி ஓட்டினவன். கண்டிப்பா அறுபது வயசு இருக்கும்."

"ஆம்பளதான்னு எப்படித் தெரியும்?"

"பிரேக் போட்டிருக்கற லட்சணமே சொல்லுது."

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா?" என்பாள் பஞ்சக்கா.

சொல்லிவிடலாம் என்று பல தடவை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் டிரைவரிடம் சொன்னால் தெருமுனைக் கடையில் சொன்ன மாதிரி. அவருக்கு எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது. இன்னொரு வேதனையும் இருந்தது. அவர் எங்கே கோட்டை விடுகிறார் என்று அவளுக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஒரு வரியில் சொல்லிவிடலாம். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அதனால் மென்று விழுங்கினாள்.

இதற்கிடையில் கோட்டை இளைக்கத் தொடங்கியது. ஆளுக்கொரு போன் வந்தது, போனுக்குள் ஆட்டம் வந்தது. பிள்ளைகள் படுத்துக்கொண்டே ஆடினார்கள். இயந்திரங்களுக்கு உதிரிப் பாகம் செய்த கம்பெனிகள் செய்வதை நிறுத்தின. திருப்புளி ஒரு இயந்திரத்தைக் கொன்று இரண்டு இயந்திரத்தைப் பிழைக்க வைத்தாள். மூன்றாவது மாடியைப் பூட்டினார்கள், பிறகு இரண்டாவதை. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன மாதிரி அறுபது ஊழியர்கள் ஒன்பது ஆனார்கள். காயம்பட்டவர்களும் குறைந்தார்கள். பஞ்சக்கா ஒழிந்த நேரத்தில் முதலாளிக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள். அது மட்டும் குறையவில்லை.

எட்டாவது வருடம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மின்சாரத்தை நிறுத்துவது என்று முடிவாயிற்று. முதலாளி அழவில்லை. "எட்டு வருஷம் ஊர் சிரிச்சுது. டைல்ஸ் வித்து ஒருத்தரையும் நான் சிரிக்க வெச்சதில்ல" என்று எல்லோருக்கும் டீ வரவழைத்தார்.

கவலைப்பட்ட ஒரே ஆள் டிரைவர். ஐந்து மணிக்குப் பிளக்கைப் பிடுங்கினால் பலகையே அழிந்துவிடும். அப்புறம் மூணு கோட்டை முந்த இந்த ஜென்மத்தில் வழியில்லை. காலையிலிருந்தே இயந்திரத்தை விட்டு இறங்கவில்லை. 4,791. 4,779. 4,803. மூன்றரை மணிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. திருப்புளியும் டிக்கெட்காரரும் அவரைக் கைத்தாங்கலாக முதலுதவி அறைக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்திவிட்டுப் போனார்கள். மின்னல் கோட்டையின் கடைசி நோயாளி.

பஞ்சக்கா அவர் பாதத்தை மேல்நோக்கி வளைத்துப் பிடித்து, கெண்டைக்காலை அழுத்தித் தேய்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வேலை போவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. போகப்போகிற வேலைக்கு எதற்குப் பயம்?

"கிளப்பும்போது அஞ்சு எண்ணுங்க" என்றாள்.

"என்ன?"

"ஆளை ஏத்திக் கதவ மூடினதும் விசில் கேட்ட மாதிரி கிளப்பிடறீங்க. உள்ள பெல்ட்டக்கூட மாட்டியிருக்க மாட்டாங்க. ஒவ்வொரு தடவையும் அங்கதான் உங்களுக்குப் பத்துப் பாயின்ட் போகுது. மனசுக்குள்ள அஞ்சு எண்ணிட்டு மெதுவா எடுங்க."

"நேரம் போயிடுமே."

"திருப்பத்துல பிடிச்சுடுவீங்க. திருப்பத்துல நீங்க என்னைவிட நல்லாவே..."

நிறுத்திக்கொண்டாள். டிரைவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னைவிடன்னா?"

பஞ்சக்கா காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீயா?"

"மோதச் சொன்னாங்க. மனசு வரல."

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு வருஷமா எனக்குக் குழம்பு ஊத்திட்டு, ஆம்பளதான்னு எப்படித் தெரியும்னு கேட்டுட்டு..."

"சொன்னா வேல போயிருக்கும்."

"எங்கிட்ட சொன்னா எப்படிப் போகும்?"

"உங்க பஸ்ஸுக்குத்தான் நல்ல பிரேக். வாய்க்குக் கிடையாது."

டிரைவர் அவள் கையிலிருந்து காலை இழுத்துக்கொண்டார். "உனக்கு சைக்கிள்கூட விடத் தெரியாது. எங்க கத்துக்கிட்ட?"

"பதினோரு வருஷம் முதியோர் இல்லத்துக்கு யாரோட பஸ்ல போனேன்? உங்க முதுகுக்குப் பின் சீட்லதானே உக்காந்திருந்தேன். எந்தத் திருப்பத்துக்கு எங்க கால எடுப்பீங்கன்னு என் முழங்காலுக்கே தெரியும்."

அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. கால் பிடிப்பு போன இடம் தெரியவில்லை.

"அப்ப அது என் ஸ்கோர்."

"உங்க ஸ்கோர்னா போய் ஓட்டிக் காட்டுங்க. கிளப்பினது நான்" என்றாள் பஞ்சக்கா, அவர் செருப்பைக் காலடியில் தள்ளிக்கொண்டே.

நாலரை மணி. ஒன்பது ஊழியர்களும் முதலாளியும் டீ கிளாஸோடு சுற்றி நின்றார்கள். கிழவரை ஏற்றியதும் டிரைவர் கிளப்பவில்லை. உதடு அசைந்தது: ஒண்ணு, ரெண்டு, மூணு... பச்சைக் கோடு அப்படியே நின்றது. முதல் திருப்பத்தில் அவர் காலை எடுத்த அதே நொடியில் பக்கத்தில் நின்ற பஞ்சக்காவின் பாதமும் தரையிலிருந்து எழும்பியது. கர்ப்பிணி, மீனவர், பள்ளிப் பிள்ளை, கடைசியாகக் கால் உடைந்த பாட்டு வாத்தியார். ஐந்து பேரும் போய்ச் சேர்ந்தார்கள், உயிரோடு.

4,826.

டீ கிளாஸ்கள் எகிறின. திருப்புளி கொண்டையிலிருந்த திருப்புளியை உருவி மேலே வீசிப் பிடித்தாள். டிரைவர் இரண்டு கையையும் தூக்கி நின்றார். அந்த அமளியில் திரை பெயர் கேட்டதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது பத்து நொடிதான் மிச்சம்.

"பேரு, பேரு போடுங்க."

"எழுத்து தெரியல. கண்ணாடி எங்க?"

கண்ணாடி முதலுதவி அறைக் கட்டிலில் இருந்தது. பஞ்சக்கா ஓடி எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் அதை மாட்டி நிமிர்ந்தபோது பலகை வந்துவிட்டது. முதல் இடம், மூன்று கோடு. இரண்டாம் இடம், மூன்று கோடு.

"இதுல யாரு எது?" என்றார் முதலாளி.

"மேல இருக்கறது நான். கீழ இருக்கறது இவ" என்றார் டிரைவர். வாய்க்குப் பிரேக் இல்லை என்று பஞ்சக்கா சொன்னது பொய்யில்லை.

முதலாளி பக்கத்திலிருந்த பந்தய இருக்கையில் மெதுவாக உட்கார்ந்தார். "ஆறு வருஷமா அந்த ஆளத் தேடறேன். தினமும் என் கையில பட்டையச் சுத்தி ரத்த அழுத்தம் பாத்தது அந்த ஆளா?"

"ஆமா சார்."

"உன்னை வேலைய விட்டு எடுக்கணும்மா."

"எடுங்க சார். இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் மணி ஐந்து ஆகிவிட்டது, ஆகவே யாரையும் வேலையை விட்டு எடுக்க முடியவில்லை. ஆனால் அவர் வாக்குத் தவறாத மனிதர். மேசையிலிருந்து அச்சடித்த சீட்டு ஒன்றை எடுத்து, தேதி போட்டு, கையெழுத்திட்டு டிரைவரிடம் கொடுத்தார். மின்னல் கோட்டையில் ஒரு வருடம் இலவச அனுமதி. பிளக்கைப் பிடுங்கும் வேலையைத் திருப்புளி பஞ்சக்காவுக்கு விட்டுக்கொடுத்தாள். பஞ்சக்கா ஐந்து எண்ணிவிட்டுப் பிடுங்கினாள்.

அடுத்த மாதமே அவளுக்கு வேறொரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. கோட்டையில் இப்போது மறுபடி டைல்ஸ் அடுக்கியிருக்கிறார்கள். அந்தச் சீட்டைச் சட்டம் போட்டு, அதற்குப் பிறகு இடம் மாறாத அந்த அலமாரிக்கு மேல் டிரைவர் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் அதன் முன்னால் நிறுத்தி, பலகையில் மேல் வரிசை தன்னுடையது, கீழ் வரிசையும் ஒரு வகையில் தன்னுடையதுதான் என்று விளக்குகிறார். பஞ்சக்கா அவசரப்படுவதில்லை. உள்ளே ஐந்து வரை எண்ணிவிட்டு, பிறகுதான் வெளியே வந்து பேச ஆரம்பிக்கிறாள்.